மருட்கையும் மருளும்: ஆர்தர் கிளார்க்கின் நூல்கள் பற்றிய ஒரு திறனாய்வு

விஞ்ஞானப் புனைகதை இலக்கியமாகுமா என்னும் வினாவுக்கு நம் ஆசிரிய உலகம் இன்னும் ஒருமித்த விடை கூறியதில்லை. தமிழ் கற்றோர் இவ்வகை நூல்களை விஞ்ஞானத்தின் பக்கத்தில் ஒதுக்குவர். விஞ்ஞானம் கற்றோர் அவற்றைக் கதையின் பக்கத்தில் ஒதுக்குவர். இரு சாராரும் தமதன்று எனத் தள்ளிய இப்பொருளை மாணவர் மட்டும் ஆர்வத்தோடு படித்து வருகின்றனர். அவர்கள் படிப்பது எத்தகையது, அதனை அளந்தறிதற்குத் தமிழில் அளவுகோல் உண்டா என ஆராய்தல் ஆசிரியர்க்குரிய கடமையாகும். அவ்வாராய்ச்சிக்கு மிகப் பொருத்தமானவர் ஆர்தர் சி. கிளார்க்.

கிளார்க் 1917ஆம் ஆண்டு டிசெம்பர் 16ஆம் நாள் இங்கிலாந்தின் மைன்ஹெட் என்னும் கரையோரச் சிற்றூரிலே பிறந்தார். 1945ஆம் ஆண்டில், பூமியின் ஓரிடத்துக்கு மேலாக எக்காலமும் அசையாது நிற்பதுபோலத் தோன்றும் செய்மதிகளைக் கொண்டு உலகெங்கும் செய்தி அனுப்பலாம் எனக் கட்டுரை எழுதினார். ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்திலுள்ள அந்தச் சுற்றுப்பாதை இன்று அவர் பெயராலும் வழங்குகின்றது. 1956இல் இலங்கைக்கு வந்து குடியேறினார். 2008ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் நாள் கொழும்பிலே காலமானார். தம் வாழ்நாளில் அரை நூற்றாண்டுக்கு மேல் அவர் வாழ்ந்தது இம்மண்ணிலேயாம். ஆயினும் திருகோணமலையில் அவர் பெயரை அறிந்தோர் பலர். அவர் நூலைப் படித்தோர் சிலர். கோணேசர் கோயிற் கற்களைக் கடலடியிலே கண்ட வெள்ளைக்காரர் என்ற அளவில் நம் அறிவு நின்றுவிடுகின்றது. கண்டவர் எழுத்தாளர் என்பதும், எழுத்தாளரை எழுத்தைக் கொண்டே மதிக்கவேண்டும் என்பதும் மறக்கப்படுகின்றன. அவருடைய நூற்பெயர்களை இக்கட்டுரையில் தமிழாக்கியே தருகின்றேன்.

இனி, அளவுகோல் யாது? தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறுகின்றார். அவற்றுள் ஒன்று மருட்கை, அதாவது வியப்பு. அது பிறக்கும் நிலைக்களங்கள் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என நான்காம். ஆக்கம் என்பது ஒன்று திரிந்து பிறிதொன்றாதல் என்பர் உரைகாரர். மேலைத் திறனாய்வாளர் விஞ்ஞானப் புனைகதையின் உயிர்நிலை வியப்புணர்வே எனக் கூறுவதனை நோக்கும்போது, இந்நால்வகைப் பகுப்பு இந்த இலக்கியத்துக்கெனவே செய்யப்பட்டது போலத் தோன்றும். ஆயின் ஒன்று கருதற்பாலது. மருட்கை என்னும் சொல்லுக்கும் மருள் என்னும் சொல்லுக்கும் வேர் ஒன்றே. அறிவு நிரம்பாத இடத்திலேதான் வியப்புப் பிறக்கும். அறிவு நிரம்பாத இடத்திலேதான் மயக்கமும் பிறக்கும். வியப்பை எழுப்பி அறிவின்பாற் செலுத்துபவன் நல்லாசிரியன். வியப்பை எழுப்பி மயக்கத்தில் விட்டுச் செல்பவன் வித்தைக்காரன். கிளார்க் இவ்விருவருள் யார் என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

புதுமையிற் பிறந்த மருட்கைக்கு, 1953இல் வெளிவந்த ‘கடவுளின் தொள்ளாயிரம் கோடி நாமங்கள்’ என்னும் சிறுகதையை எடுத்துக்காட்டலாம். திபெத்திய மடமொன்றின் துறவிகள் இறைவனுக்கு அமையக்கூடிய நாமங்கள் அனைத்தையும் எழுதி முடிப்பதே உலகப் படைப்பின் நோக்கம் என நம்புகின்றனர். கையால் எழுதினால் பதினையாயிரம் ஆண்டு செல்லும் அப்பணியை நூறு நாளில் முடிப்பதற்காகக் கணினி ஒன்றை வாடகைக்குப் பெறுகின்றனர். அதனை இயக்க வந்த பொறியியலாளர் இருவரும் உள்ளூர நகைக்கின்றனர். பணி முடிந்தும் உலகம் முடியாவிடின் துறவிகள் தம்மீது சினங்கொள்வரென அஞ்சி முன்னதாகவே புறப்படுகின்றனர். மலைவழியே இறங்கும்போது தலையை நிமிர்த்திப் பார்க்கின்றனர். வானத்து விண்மீன்கள் ஒவ்வொன்றாக அமைதியாய் அவிந்துகொண்டிருக்கின்றன. சகசிரநாமம் ஓதக் கேட்டு வளர்ந்த நமக்கு நாமங்களை அடுக்குதல் புதிதன்று. நாமமும் உருவமும் கடந்த ஒன்றையே ஆயிரம் நாமத்தால் அழைக்கின்றோம் என்பது நம் சமய மரபு. ஆதலின் எண்ணி முடிக்கத்தக்க பட்டியலாக இறைவனைக் கருதுதல் நமக்கு உடன்பாடன்று. ஆயினும் கதையின் நயம் வேறிடத்தில் உள்ளது. இயந்திரம் துறவிகளை வெல்லவில்லை. துறவிகள் இயந்திரத்தைத் தம் பணிக்கு ஆளாக்கினர். நகைத்தவனே மருண்டு நிற்கிறான்.

பெருமையிற் பிறந்த மருட்கைக்கு 1973இல் வெளியான ‘இராமனுடன் ஒரு சந்திப்பு’ சான்றாகும். சூரிய மண்டலத்தினுள் உருளை வடிவமான பொருளொன்று நுழைகின்றது. அதன் நீளம் 50 கிலோமீற்றர். விட்டம் 20 கிலோமீற்றர். திருகோணமலை நகரிலிருந்து புல்மோட்டைக்கு நேர்கோடு ஒன்று வரைந்தால் ஏறக்குறைய அவ்வளவு நீளம் வரும். அதனுள்ளே வளைந்த நிலமும், உருளையைச் சுற்றி வளையமாகக் கிடக்கும் கடலும் உள்ளன. மனிதர் உள்ளே புகுந்து பார்க்கின்றனர். அதனைச் செய்தவர் யாரென அறியாமலே வெளியேறுகின்றனர். அப்பொருள் சூரியனிடமிருந்து தனக்கு வேண்டியதைப் பெற்றுக்கொண்டு, மனிதரைப் பொருட்படுத்தாது தன் வழியே செல்கின்றது.

இந்நூலின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நம்மவர் சிலர் பெருமிதம் கொள்வதுண்டு. கதையிலே அப்பெயர் வந்தமைக்குக் காரணம் எளியது: கிரேக்க உரோமப் புராணப் பெயர்கள் தீர்ந்துபோனமையால் வானநூலார் இந்துப் புராணங்களிலிருந்து பெயரிடத் தொடங்கினர் என்பதே. இது பதிவேட்டுப் பெயரன்றிப் பக்திப் பெயரன்று. இதில் இராமாயணத்தைத் தேடுவோர் மருளுக்கு ஆளாவர். தேடவேண்டியது, மனிதனுக்காக உண்டாக்கப்படாத பேரண்டத்தில் மனிதன் எவ்வாறு தன்மதிப்போடு நிற்பது என்னும் வினாவையே.

சிறுமையிற் பிறந்த மருட்கை 1979இல் வெளிவந்த ‘சொர்க்கத்தின் நீரூற்றுகள்’ என்னும் நாவலிலே மிக நுட்பமாக அமைந்துள்ளது. பூமியிலிருந்து செய்மதிப் பாதை வரை ஒரு கோபுரம் எழுப்புவதே வன்னேவர் மோர்கன் என்னும் பொறியியலாளரின் கனவு. அக்கோபுரத்துக்கு ஆதாரமாவது கண்ணுக்குப் புலனாகாத அளவு மெல்லிய ஓர் இழை. அதனை நாட்டுதற்கேற்ற ஒரே மலை தாப்பிரபேன் தீவில் உள்ளது. கிரேக்கர் இலங்கைக்கு இட்ட பெயரையே ஆசிரியர் தம் கற்பனைத் தீவுக்கு இட்டு, பூமத்திய ரேகை அதனூடு செல்லும்படி அதனை 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்திக்கொள்கின்றார். சிகிரியாவும் சிவனொளிபாத மலையும் வேறு பெயரில் அங்கே தோன்றுகின்றன. மலையுச்சியிலே பழைமையான பௌத்த மடம் ஒன்று. துறவிகள் மலையை விட்டுக்கொடுக்க மறுக்கின்றனர். முன்னாளில் மன்னனொருவனின் வீரராயிருந்தோர் பொன்னிற வண்ணத்துப் பூச்சிகளாய்ப் பிறந்து உச்சியை அடையும் நாளில் மடம் தோற்கும் என்பது பழைய வாக்கு. செயற்கையாக எழுந்த பெருங்காற்றொன்று அப்பூச்சிகளை உச்சியிற் சேர்க்கின்றது. துறவிகள் சொன்ன சொல் தவறாது இறங்கிச் செல்கின்றனர். கண் காணா இழையும் கைப்பிடிக்குள் அடங்கும் பூச்சியும் கதையைத் தாங்குகின்றன. விஞ்ஞானப் புனைகதைக்கென வழங்கப்படும் ஹியூகோ, நெபுலா ஆகிய இரு பெரும் பரிசுகளும் இந்நாவலுக்குக் கிடைத்தன.

ஆக்கத்திற் பிறந்த மருட்கை ‘குழந்தைமையின் முடிவு’ (1953), ‘2001: ஒரு விண்வெளிப் பயணம்’ (1968) என்னும் இரண்டிலும் உண்டு. முன்னதில் மனிதகுலத்தின் கடைசித் தலைமுறைப் பிள்ளைகள் மனிதரல்லாத பெருமனம் ஒன்றோடு கலந்துவிடுகின்றனர். பெற்றோர் பின்தங்கி அழிகின்றனர். பின்னதில் குரங்கு மனிதனாவதும், மனிதன் அவனினும் மேலானதொன்றாக மாறுவதும் கூறப்படுகின்றன. தன்னை இழந்து பெரியதொன்றிற் கலத்தல் என்னும் கருத்து நம் சமயநூல் கற்றோர்க்கு அந்நியமன்று. ஆனால் சைவ சித்தாந்தத்தில் உயிர் இறைவனோடு கூடியபோதும் அழிவதில்லை. ‘குழந்தைமையின் முடிவு’ காட்டும் கலப்பிலோ தனி உயிர் எஞ்சுவதில்லை. பெற்றோர் அழிவைக் கூறிச் செல்லும் பக்கங்களிலே வியப்பினும் அச்சமே மேலோங்குதற்கு இதுவே காரணமாகும்.

இவ்வளவும் அவர் ஆற்றல். குறை யாதெனின், அவர் கதைகளிலே அகம் இல்லை. புறம் உண்டு, அப்புறமும் விண்ணளாவியது. காதலனும் காதலியும், தாயும் மகளும், நண்பரும் பகைவரும் தம்முள் கொள்ளும் நுண்ணிய உணர்வு அவர் எழுத்துக்கு எளிதில் வசப்படுவதன்று. இராமனுள் இறங்கிய கப்பலோட்டிகளுள் தலைவன் நோர்ட்டனை நினைவு கூர்வோம். ஏனையோரைப் பெயர் மாற்றிப் படித்தாலும் பெரிய வேறுபாடு தோன்றாது. சங்கப் புலவன் ஒரு நாரையையும் ஓர் ஓடையையும் கொண்டு ஒரு பெண்ணின் நெஞ்சைக் காட்டிவிடுவான். கிளார்க் ஓர் உலகத்தையே படைத்தாலும் அதனுள் ஒரு நெஞ்சத்தைக் காட்ட இடர்ப்படுகின்றார். ‘சொர்க்கத்தின் நீரூற்றுகள்’ நம் நாட்டைக் களமாகக் கொண்டிருந்தும் அதன் முதன்மைப் பாத்திரங்களுள் தமிழர் ஒருவரேனும் இல்லை என்பதும் நம் கண்ணிற் படாமற் போகாது. எனினும் அதனை மனக்குறையாகப் பேசுவதினும் திறனாய்வு முறையிற் பேசுதலே தகும். அந்நூலின் மெய்யான குறைபாடு வேறு.

புனித மலை ஒன்று யாருக்குரியது? கோபுரம் கட்டுவோனுக்கா, வழிபடுவோனுக்கா? ஆசிரியர் இந்த அரிய வினாவை எழுப்பினார். ஆயின் வண்ணத்துப் பூச்சிகளைக் கொண்டு அதிலிருந்து தப்பிக்கொண்டார். துறவிகளின் மானம் காக்கப்பட்டது உண்மை. வழக்கோ தீர்க்கப்படவில்லை. மலையை இழந்தவர் நெஞ்சம் மோர்கனின் நெஞ்சம் எழுதப்பட்ட அளவுக்கு எழுதப்படவில்லை. கோணமாமலையின் அடியில் வாழும் நமக்கு இது வெறும் கதைச் சிக்கலன்று. 1620களிலே போர்த்துக்கேயர் நம் மலைமேலிருந்த கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினர். எஞ்சியவை கடலில் வீழ்ந்தன. மலையை இழத்தல் இன்னதென்பது இவ்வூர் அறிந்த செய்தி.

இந்நிலையிலேதான் அவருடைய நூல்களுள் நாம் முதற்கண் படிக்கவேண்டியது எது என்னும் வினாவுக்கு விடை கிடைக்கின்றது. பரிசு பெற்ற நாவல் அன்று. 1957இல் வெளிவந்த ‘தாப்பிரபேனின் முருகைப் பாறைகள்’ என்னும் மெய்ந்நூலே அது. 1956ஆம் ஆண்டில் கிளார்க்கும் அவர் தோழர் மைக் வில்சனும் இலங்கைக் கரைகளில் சுழியோடிய வரலாற்றை அந்நூல் கூறுகின்றது. சுவாமிமலையின் கீழ்க் கடலடியிலே செதுக்கிய கற்களும் தூண்களும் கிடந்தமையை அதிலே காண்கின்றோம். நாவல்களிலே 36,000 கிலோமீற்றர் உயரம் பறந்த அந்த எழுதுகோல், இங்கே மனிதக் கைபட்ட கல்லின் மேல் வந்து நிற்கின்றது. பாசி படர்ந்த கல்; அதனைச் செதுக்கிய சிற்பியின் பெயர் தெரியாது; அதனை வீழ்த்தியோர் வரலாறு தெரியும். புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கும் இவ்வொரு காட்சியில் ஒன்றுகூடுகின்றன. கோயில் கடலாயிற்று என்பதினும் பெரிய ஆக்கம் வேறு யாது? இங்கு வியப்பு கற்பனையை நம்பி நிற்கவில்லை. கண்டதை நம்பி நிற்கின்றது. ஆதலின் மருட்கை உண்டு, மருள் இல்லை.

இவ்விடத்தில் நம்மவர்க்கும் ஒன்று கூறவேண்டியுள்ளது. கிளார்க் கண்ட கற்கள், இம்மலைமேல் சிற்ப வேலைப்பாடு மிக்க பெருங்கற்கோயில் இருந்தது என்பதற்குச் சான்று. சம்பந்தர் பதிகம் பெற்ற தலத்தின் தொன்மையை அவை உறுதிப்படுத்துகின்றன. அதற்கு மேல், இராவணன் வெட்டு இராவணன் வாளால் உண்டானது என்பதற்கோ, புராணத்து விமானங்கள் ஆகாயக் கப்பல்களே என்பதற்கோ அவை சான்றாகா. மேலைநாட்டு விஞ்ஞானி ஒருவர் வந்து நம் புராணத்தை மெய்ப்பித்தார் என மேடையிற் பேசுவது புராணத்துக்கும் பெருமையன்று, விஞ்ஞானத்துக்கும் பெருமையன்று. புராணத்தின் உண்மை வேறு வகையினது. அதற்கு எவருடைய சான்றிதழும் வேண்டா. அப்பரடிகளின் பிள்ளைத் திருநாமம் மருள்நீக்கியார் என்பதை நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்ற நாம், மருளையே பக்தியெனக் கொள்ளல் ஆகாது.

சமயத்தைப் பொறுத்தவரை கிளார்க்கின் நிலை வாசற்படியில் நிற்பவன் நிலை. தம் இறுதிக் கிரியையில் எவ்வகைச் சமயச் சடங்கும் இடம்பெறலாகாது எனக் கூறிச் சென்றவர் அவர். ஆனால் அவர் கதைகள் மீண்டும் மீண்டும் மடத்தின் வாயிலிலும் கோயிலின் வாயிலிலும் வந்து நிற்கின்றன. ‘விண்மீன்’ (1955) என்னும் சிறுகதையிலே கிறித்தவத் துறவியாகிய வானநூலார் ஒருவர், தம் சமயத்தின் புனித விண்மீன் ஓர் உயர்ந்த இனத்தையே எரித்தழித்த பெருந்தீ என அறிந்து கலங்குகின்றார். ‘ஆழ்கடற் பரப்பு’ (1957) என்னும் நாவலிலே திமிங்கிலங்களை மந்தையாக வளர்த்துக் கொன்று உண்ணும் எதிர்கால உலகை எதிர்த்து, இலங்கையின் பௌத்தத் தலைவர் ஒருவர் அறம் பேசுகின்றார். நம்மினும் உயர்ந்தோர் விண்ணிலிருந்து வருவராயின், ஏனைய உயிர்களை நாம் நடத்திய முறை கொண்டே நம்மை மதிப்பர் என வாதிடுகின்றார். முடிவில் அத்துறவியின் வழியே வெல்கின்றது. கொல்லாமையை இவ்வளவு புதிய நியாயத்தோடு கூறிய கதை அரிது. வாசற்படியில் நின்றவர் உள்ளே நோக்கி நகைக்கவில்லை என்பது இதனால் விளங்கும். அவரோடு கூடச் சுழியோடிய வில்சனோ பின்னாளில் சுவாமி சிவகல்கி எனப் பெயர் பூண்டு படியைக் கடந்து உள்ளே சென்றார். ஒரே கடலில் மூழ்கிய இருவர் இருவேறு கரையில் ஏறினர்.

வியப்பு அறிவாக மாறுமாயின் அது காப்பாகவும் மாறும். இராமன் நாவலின் தொடக்கத்திலே 2077ஆம் ஆண்டில் இத்தாலியில் விண்கல் வீழ்ந்து நகரங்கள் அழிவதாகவும், அதன்பின் விண்வெளிக் காவல் ஏற்படுத்தப்படுவதாகவும் எழுதினார். அக்கற்பனைக் காவலுக்கு அவர் இட்ட பெயரையே பின்னர் மெய்யான விண்கல் ஆராய்ச்சித் திட்டத்துக்கும் இட்டனர். இதனினும் நமக்கு நெருங்கிய சான்றொன்று உண்டு. 1883இல் கிரக்கத்தோவா எரிமலை வெடித்தபோது கடற்பேரலை காலித் துறைமுகத்தை எட்டியதை 1957ஆம் ஆண்டு நூலிலேயே அவர் குறித்திருந்தார். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கிழக்குக் கரையை விழுங்கியபோது, அத்தகையதொன்று முன்னரும் இத்தீவை அடைந்ததுண்டு என அறிந்தோர் நம்முள் எத்தனை பேர்? இலங்கையில் முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடல் உள்வாங்கியதைக் கண்டு வியந்து நின்றவர்களும் அவருள் இருந்தனர். அறிவொடு கூடாத மருட்கைக்கு நம் கரை கொடுத்த விலை அது.

ஆதலின் விஞ்ஞானப் புனைகதை பொழுதுபோக்கு மட்டுமன்று. தமிழில் இத்துறை வெறுமையாகக் கிடக்கவில்லை. சுஜாதா 1980களில் ‘என் இனிய இயந்திரா’ எழுதி ஆயிரக்கணக்கான வாசகரை ஈர்த்தார். அவர் மறைந்தது 2008 பெப்புருவரி 27ஆம் நாள். மூன்று வார இடைவெளியில் கிளார்க்கும் மறைந்தார். ஆயின் நம் கடலையும் நம் கரையையும் களமாகக் கொண்ட அத்தகைய கதைகளைத் தேடித்தான் பிடிக்கவேண்டியுள்ளது. எழுதுதற்கு முன்மாதிரி இல்லையென்று நாம் கூறல் இயலாது. இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பட்டமும் ஒருங்கே பெற்ற விபுலாநந்த அடிகள் இந்நகரில் வாழ்ந்து கல்விப் பணி செய்தவர். மறைந்த யாழைக் கணிதத்தின் துணைகொண்டு மீட்க முயன்ற அவருடைய ‘யாழ்நூல்’ 1947இல் வெளிவந்தது. தமிழும் விஞ்ஞானமும் ஒரு நெஞ்சில் பகையின்றி வாழும் என்பதற்கு அதனினும் சான்று வேண்டா.

கிளார்க்கிடம் நம் மாணவர் கற்கவேண்டியது இயந்திரங்களின் பெயரை அன்று. கண்டதைக் கூர்ந்து கண்டு, காணாததை அதன்மேல் அளவோடு கட்டும் முறையை. அவரிடம் இல்லாத அகத்தை நம் மரபு தரும். நம்மிடம் தளர்ந்துள்ள ஆராய்வுணர்வை அவர் நூல்கள் தரும். சுவாமிமலையின் அடியிலே கடலுள் இன்னும் கற்கள் கிடக்கின்றன. அவற்றை நோக்கி வியத்தல் எளிது. வியந்தபின் வினாவுதலே கல்வி. அவ்வினாவை நல்ல தமிழில் கதையாக்கும் மாணவன் ஒருவன் இக்கரையிலிருந்து தோன்றுவானாயின், கிளார்க்கின் நூல்களை நம் நூலகத்தில் வைத்ததன் பயன் நிறைவேறியதாகும்.